சீனியர் வில்: பள்ளியை விட்டுப் போகிறவர்கள் எழுதும் கேலி உயில்

என் மகள் ஒன்பதாவது முடிக்கிற சமயம். பள்ளி பேண்டு குழுவின் வருடக் கடைசி விருந்துக்குப் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் "அப்பா, எனக்கு ஒருத்தங்க உயில் எழுதி வெச்சிருக்காங்க" என்றாள். எனக்குப் பகீர் என்றது. யார், என்ன ஆயிற்று, உடம்புக்கு என்ன என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் சிரித்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, போட்டிகளுக்குப் போகும் மஞ்சள் பஸ்ஸில் இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டை, எந்த பஸ் வந்தாலும் அந்த சீட்டை, என் மகளுக்கு எழுதி வைத்திருந்தாள்.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் பலருக்கு இந்த அதிர்ச்சி ஒருமுறையாவது வந்திருக்கும். இதற்குப் பெயர் சீனியர் வில். முழு வகுப்பும் சேர்ந்து எழுதினால் கிளாஸ் வில். பள்ளிப் படிப்பை முடித்துப் போகிறவர்கள், பின்னால் வருகிற மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் "சொத்து" எழுதி வைப்பதுபோல வேடிக்கையாக எழுதும் உயில்தான் அது. பள்ளியின் மாணவர் பத்திரிகை வருடக் கடைசியில் போடும் சீனியர் சிறப்பிதழில் வரும், இயர்புக் என்கிற ஆண்டு மலரில் வரும், அல்லது பேண்டு, நாடகம், நீச்சல் போன்ற குழுக்களின் விருந்தில் எழுந்து நின்று வாசிப்பார்கள்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் ஜூனியர் என்றால் நமக்குக் கீழே படிக்கிற எல்லாரையும் சொல்லிவிடுவோம். அங்கே உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் நான்கு வருடம், ஒவ்வொரு வருடத்துக்கும் தனிப் பெயர் உண்டு: ஒன்பதாம் வகுப்பு ஃப்ரெஷ்மேன், பத்து சாஃபமோர், பதினொன்று ஜூனியர், பன்னிரண்டு சீனியர். ஆகவே உயிலில் "ஜூனியர்களுக்கு" என்று வந்தால் அது பதினொன்றாம் வகுப்பை மட்டும் குறிக்கும், அதாவது அடுத்த வருடம் சிம்மாசனம் ஏறப்போகிற பட்டத்து இளவரசர்களை. பழைய கிளாஸ் வில்களில் இந்தப் படிவரிசைதான் பாதி நகைச்சுவை. ஜூனியர்களுக்கு எங்கள் கம்பீரம், சாஃபமோர்களுக்கு எங்கள் பழைய நோட்டுகள், ஃப்ரெஷ்மேன்களுக்கு வளருவதற்குக் கொஞ்சம் உயரம், இந்த மாதிரி.

சரி, போவது அடுத்த ஊர்க் கல்லூரிக்கோ வேலைக்கோ, இதற்கு எதற்கு உயில்? ஆங்கிலத்தில் 'லீவ்' என்ற ஒரே சொல்லுக்குக் கிளம்பிப் போவது என்றும் பொருள், ஒருவருக்குச் சொத்தை விட்டுச்செல்வது என்றும் பொருள். பள்ளியை விடுகிறேன், அதனால் எதையாவது விட்டுவிட்டுப் போகிறேன். தமிழிலும் 'விடு' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்வதால் நமக்கு இது உடனே புரிந்துவிடும். மே, ஜூன் மாதத்தில் பட்டமளிப்பு முடிந்தால் அந்த வளாகத்தைப் பொறுத்தவரை அவர்கள் இல்லாதவர்கள்தான். லாக்கர் வேறு ஆளுக்குப் போய்விடும், நாடகத்தில் கதாநாயகன் வேடம் வேறு ஆளுக்குப் போய்விடும், காப்டன் பட்டையும் அப்படியே. ஒரு சின்ன மரணம்தான் அது. வாழ்க்கையில் முதல்முறையாக நாம் இல்லாமல் ஓர் இடம் நன்றாகவே நடக்கப்போகிறது என்று பதினெட்டு வயதில் தெரியவரும்போது அழுவதைவிட உயில் எழுதுவது கொஞ்சம் கௌரவமான வழி.

இதில் ஒரு வேடிக்கை. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் நிஜ உயில் எழுதவேண்டுமானால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சீனியர்களில் பலர் பதினேழில்தான் இருப்பார்கள். நிஜச் சொத்தை எழுதிவைக்கச் சட்டம் அனுமதிக்காத வயதில், இல்லாத சொத்தை எழுதி வைக்கிறார்கள். (ஜார்ஜியா மாநிலம் விதிவிலக்கு, அங்கே 14 வயதிலேயே உயில் எழுதலாம், ஃப்ரெஷ்மேன்கூடப் பேனாவை எடுக்கலாம்.)

நடைதான் இதன் உயிர். "உடலும் மனமும் தெளிவாக இருக்கும் நான்" என்று நிஜ உயிலைப்போலவே ஆரம்பிக்க வேண்டும், அந்த இடத்திலேயே முதல் கேலியையும் வைத்துவிடுவார்கள், "கணக்குப் பரீட்சைக்குப் பிறகும் மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் நான்" என்று. பிறகு ஆங்கிலச் சட்ட நடையின் புகழ்பெற்ற மூன்று வினைச்சொற்கள் வரும். ஒன்று கொடுப்பது, ஒன்று பழைய வழக்கில் நிலபுலனை எழுதிவைப்பது, இன்னொன்று அசையும் பொருளை எழுதிவைப்பது. தருகிற சொத்து ஒரு பாதி அழிப்பானாக இருந்தாலும் மூன்றையும் சேர்த்துத்தான் போடுவார்கள். தமிழ்ப் பத்திரத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள" என்று எழுதிவிட்டு ஒரு மூடி தொலைந்த பேனாவைக் கொடுத்தால் எப்படி இருக்கும், அதே ருசி. பெரிய பாத்திரத்தில் கடுகளவு சாப்பாடு. பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும், பளபளவென்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடுகு வெறும் கடுகுதான். இன்றைக்குச் சில பிள்ளைகள் இந்த நடையையே விட்டுவிட்டு "இன்னாருக்கு இது, இன்னாருக்கு அது" என்று மளிகைச் சீட்டு மாதிரி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எப்போது தொடங்கியது? அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டமளிப்பை ஒட்டி கிளாஸ் டே என்று ஒரு நாள் கொண்டாடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. வகுப்பின் வரலாறு, வகுப்பின் கவிதை, வகுப்பைப் பற்றிய ஆரூடம், வகுப்பின் உயில் என்று மாணவர்களே எழுதி மேடையில் வாசிப்பார்கள். உயர்நிலைப் பள்ளிகள் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டன. 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் வந்த இயர்புக்குகளைப் புரட்டினால் ஆரூடமும் உயிலும் அக்கா தங்கைபோல அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதைப் பார்க்கலாம். ஆரூடம் இருபது வருடம் கழித்து யார் எங்கே இருப்பார்கள் என்று புளுகும், உயில் இதுவரை இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளும். அந்தக் காலத்தில் "நாங்கள்" என்று வகுப்பே ஒரே குரலில் பேசும். தனித்தனி ஆள் தனித்தனி ஆளுக்கு எழுதிவைப்பது மெல்ல மெல்லப் பெருகி, இப்போது சீனியர் வில் என்றாலே "நான்" என்று தொடங்குவதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் கேலி உயில் என்ற சங்கதி அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் இருக்கிற உறவு ரொம்பப் பழையது. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனில் ஒரு பன்றிக்குட்டியின் உயில் எழுதப்பட்டது. குருன்னியஸ் கொரொகொத்தா என்று பெயர் வைத்த ஒரு பன்றிக்குட்டி, சமையல்காரன் கத்தியோடு வந்து நிற்கும்போது கொஞ்சம் அவகாசம் கேட்டு உயில் சொல்கிறது. "என் கையால் எழுத முடியாததால் சொல்லி எழுதவைத்தேன்" என்பது அதன் தொடக்கம். செருப்புத் தைப்பவர்களுக்குத் தன் முரட்டு முடி, செவிடர்களுக்குக் காது, வழக்கறிஞர்களுக்கும் வாயாடிகளுக்கும் நாக்கு, பையன்களுக்கு மூத்திரப்பை, பெண் பிள்ளைகளுக்கு வால் என்று தன் உடம்பையே பங்கு போட்டுக் கொடுக்கிறது. 999 வருடமும் அரையும் வாழ்ந்ததாக நினைவுக்கல்லில் பொறிக்கச் சொல்கிறது, இன்னும் அரை வருடம் இருந்தால் ஆயிரம் ஆகியிருக்குமாம். அந்தக் காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் புனித ஜெரோம் இதைப்பற்றிச் சலிப்போடு குறிப்பிடுகிறார், பள்ளிப் பையன்கள் கூட்டமாக இதை ஒப்பித்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று. பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய வகுப்பறையில் ஒரு பெரியவர் முகம் சுளிக்க, பையன்கள் உயில் படித்துச் சிரித்த காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொருவர் பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா வில்லோன். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர், கூடவே திருட்டிலும் கைவைத்தவர். 1456 கிறிஸ்துமஸ் சமயம் பாரிஸை விட்டுக் கிளம்புகிறார். அதே சமயத்தில் ஒரு கல்லூரியில் 500 பொற்காசு களவுபோனது, அந்தக் கும்பலில் இவரும் உண்டு. கிளம்பும்போது ஒரு கவிதை எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொத்து எழுதி வைக்கிறார். முடிதிருத்துபவருக்குத் தன் தலையிலிருந்து வெட்டிய முடித்துணுக்குகள், செருப்புத் தைப்பவருக்குத் தன் பழைய செருப்பு, பழந்துணி வியாபாரிக்குத் தன் கந்தல், அதுவும் "புதிதாக வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு". சாகப்போகிறேன் என்று எழுதிய பெரிய உயில் கவிதை 1461-இல்தான் வருகிறது. முதலில் எழுதியது வெறுமனே ஊரைவிட்டுப் போகிறவனின் உயில். போகிறேன், ஆகவே விட்டுச் செல்கிறேன் என்ற அதே கணக்கு. அமெரிக்கப் பிள்ளைகள் வில்லோனைப் படித்துவிட்டு எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எதுவும் கையில் இல்லாதவன் கிளம்பும்போது இந்த யோசனை தானாகவே வந்துவிடும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, உயிலில் என்னதான் கொடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம், ரசம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. காகிதத்தில் எழுதமுடியாத உரிமைகள்தான் முதல் வகை. வண்டி நிறுத்த நிழலான இடம், சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோர மேசை, நூலகத்தில் கேமரா பார்வை படாத மூலை, மஞ்சள் பஸ்ஸில் ஜன்னல் சீட். இவை எதுவும் எழுதிவைப்பவருக்குச் சொந்தமில்லை, பள்ளிக்குச் சொந்தம். ஆனால் நான்கு வருடம் உட்கார்ந்ததால் அனுபவ பாத்தியதை வந்துவிட்டதாக எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் குணங்களும் திறமைகளும்: கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலை, மணி அடித்து மூன்றாவது நொடியில் வகுப்பில் நுழைந்து தாமதம் என்று குறிக்கப்படாமல் தப்பிக்கும் வேகம், வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்பதற்கு இன்னும் பயன்படுத்தாத நான்கு காரணங்கள். சில சமயம் சுமையையும் எழுதிவைப்பார்கள். டியூபா என்கிற அந்த ராட்சதப் பித்தளைக் குழலைத் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றும் பாக்கியத்தை ஒருவர் தலையில் கட்டினால் அதுவும் சொத்துதான், கடனோடு வரும் சொத்து.

ஆசிரியர்களுக்குக் கொடுப்பது தனிக் கலை. வழக்கமான ஒன்று, "வேதியியல் ஆசிரியருக்கு நிம்மதியை விட்டுச் செல்கிறேன்". ஆங்கிலத்தில் இது இரட்டை அர்த்தத்தில் அழகாக விழும், 'அவரை நிம்மதியாக விட்டுவிடுகிறேன்' என்றும் படிக்கலாம். உடைந்த பீக்கருக்குப் பதிலாக ஒரு மன்னிப்பு, சிவப்பு மை பேனாக்கள் ஒரு டஜன், ஏனென்றால் என் கட்டுரைகளில் அவருடைய கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஆசிரியர்களை நோக்கிய கேலியில் எப்போதும் எழுதுகிறவன்தான் குற்றவாளி என்பதைக் கவனியுங்கள். அவர் கத்தினார் என்று எழுதமாட்டார்கள், அவர் தொண்டைக்கு மாத்திரை வைத்துவிட்டுப் போகிறேன் என்பார்கள்.

இப்போது குழுக்களில் நிஜப் பொருளும் கைமாறுகிறது. நாடகக் குழு, பாட்டுக் குழு, கல்லூரியில் மாணவியர் சங்கங்கள் ஆகியவற்றில் இது அதிகம். சாயம் போன ஒரு டி-ஷர்ட், அசிங்கமான ஒரு தொப்பி, யார் எப்போது எங்கே வாங்கினார்கள் என்றே தெரியாத ஒரு பிளாஸ்டிக் கோழி, ஏதோ ஒன்று சீனியரிடமிருந்து ஒருவருக்குப் போகும், அவர் சீனியர் ஆனதும் அடுத்தவருக்கு. சட்டையின் உள்பக்கம் முந்தைய சொந்தக்காரர்கள் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். நிஜ உயிலைவிட இதில் வில்லங்கம் பார்ப்பது சுலபம்.

கசப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதி விளக்கம்தான். உயில் என்ற முகமூடியில் சிலர் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். குடி, கூத்து, யார் யாரோடு என்பதையெல்லாம் பெரியவர்களுக்குப் புரியாத சங்கேதத்தில் நுழைத்துவிட்டு, அச்சாகி வந்தபின் ஒரு பெண் கழிவறையில் போய் அழுவாள். பத்திரிகைப் பொறுப்பாசிரியருக்குத் தலைசுற்றும், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் உள்வட்டத்து நகைச்சுவை, எது வெறும் கேலி எது விஷம் என்று வெளியாளுக்குத் தெரியாது. இதனாலேயே பல பள்ளிகள் வழக்கத்தை நிறுத்திவிட்டன, அல்லது இத்தனை வரிதான் என்று கணக்கு வைத்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் போடுகின்றன.

பள்ளிக்கு அப்படி வெட்ட அதிகாரம் உண்டா என்று மகள் என்னிடம் சண்டை பிடித்தாள். பெரும்பாலும் உண்டு. மிசூரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 1983-இல் மாணவர் பத்திரிகையிலிருந்து இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார், அவற்றில் மாணவிகளின் கர்ப்பம் பற்றியும் பெற்றோர் விவாகரத்து பற்றியும் கட்டுரைகள் இருந்தன. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், அது உச்ச நீதிமன்றம்வரை போய் 1988-இல் 5-க்கு 3 என்று பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது. பாடத்தோடு சேர்ந்து பள்ளியே நடத்தும் பத்திரிகை என்றால், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் வெட்டலாம் என்பது சாரம். வழக்கு உயிலைப் பற்றியதில்லை, ஆனால் அதே அச்சுப் பக்கத்தில்தானே உயிலும் வருகிறது. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் மாணவர் பத்திரிகைக்குத் தனிச் சட்டம் போட்டு இன்னும் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன, அங்கேயும் அவதூறுக்கு இடமில்லை.

நல்ல உயிலையும் கெட்ட உயிலையும் பிரித்தறிய என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு, வக்கீல் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொடுக்கிற பொருள் உன்னுடையதா? தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிவைக்க முடியாது. "என் சோம்பேறித்தனத்தைத் தம்பிக்கு எழுதி வைக்கிறேன்" என்றால் சோம்பேறி நான், தம்பி வாரிசு, எல்லாரும் சிரிப்பார்கள், தம்பியும் சிரிப்பான். "தம்பிக்குக் கொஞ்சம் மூளையை எழுதி வைக்கிறேன்" என்றால் மூளை எனக்கு உண்டு, அவனுக்கு இல்லை என்று ஆகிறது. இரண்டு வாக்கியமும் பார்க்க ஒரே அளவு, ஒரே அச்சு. ஆனால் ஒன்று தானம், மற்றது அடி. குறையைக் கொடுப்பவன் தன் குறையைக் கொடுக்க வேண்டும், நிறைவைக் கொடுத்தால் வாங்குகிறவன் ஏழை ஆகிவிடுவான். பழைய கிளாஸ் வில்களில் ஃப்ரெஷ்மேன்களுக்கு உயரம் எழுதிவைத்ததும் இந்தச் சோதனையில் தேறாது, வகுப்பு மொத்தத்துக்கும் சொன்னதால் யாருக்கும் தனியாகக் குத்தவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நுணுக்கம். "எல்லாருக்கும் என் அன்பு" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். எந்தப் படிக்கட்டு, எந்த மாதம், எந்தப் பாட்டு என்று ஒரு நுனி வேண்டும். வெளியாளுக்கு அது பாதிதான் புரியும், புரியாத பாதிதான் வாங்குகிறவருக்குச் சொத்து. ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் சாயலை எடுத்துக்கொள்ளலாம்:

"நான்கு வருடங்களில் ஆறு ஐ.டி. அட்டைகளைத் தொலைத்த பிறகும் சுயநினைவோடு இருக்கும் நான், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், ஆங்கில ஆசிரியர் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியதைத் தவிர, முழு மனதோடு எழுதிவைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்: இடது முழங்கையால் இரண்டு தட்டு தட்டினால் மட்டும் திறக்கும் என் லாக்கரையும், அந்த இரண்டு தட்டின் ரகசியத்தையும், எப்போதும் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்பு டிரம்பெட்காரனுக்கு, அவனும் அவனுக்குப் பின்வருவோரும் ஆண்டனுபவித்துக்கொள்ள எழுதி வைக்கிறேன். ஒருமுறைகூடச் சரியான சுருதியில் ஆரம்பிக்காத என் தன்னம்பிக்கையை கிளாரினெட் வரிசை முழுவதற்கும் சம பாகமாக. பேண்டு ஆசிரியருக்கு, நான் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுக்காத பதினோரு பென்சில்களில் மீதியுள்ள ஒன்றை. மழையில் ஒத்திகை ரத்தானது தெரியாமல் மைதானத்தில் என்னோடு அரைமணி நேரம் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு, என் குடையை. நிஜமான குடை. வகுப்பறை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்."

கடைசி வரியைப் பாருங்கள், அதுவரை கேலியாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று நிஜமாகிறது. இப்படி ஒன்று போதும், இரண்டு வைத்தால் அழுகாச்சி ஆகிவிடும். நல்ல சீனியர் வில் பெரும்பாலும் இந்த வரிக்காகத்தான் மற்ற எல்லா வரிகளையும் சுற்றி வளைத்து எழுதுகிறது என்பது என் சந்தேகம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை, பேர்கூடச் சரியாகத் தெரியாத கூட்டத்தில், ஒரு சீனியர் கவனித்திருக்கிறாள் என்பது விருந்தில் எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கப்படுகிறது. என் மகள் அந்த வருடம் முழுக்க எப்போதும் கடைசியாக ஏறி, இடம் கிடைக்காமல் டிரம்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நசுங்கி உட்கார்ந்து போட்டிகளுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிளாரினெட் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வருடம் என் மகளும் சீனியர், போன மாதம் இவளும் எழுத வேண்டியிருந்தது. ஐம்பது வார்த்தைக்குமேல் கூடாது என்று பேண்டு ஆசிரியர் சொல்லிவிட்டார், இவள் நூற்றுப்பத்து எழுதிவிட்டுக் குறைக்க மாட்டேன் என்று இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். எது போனாலும் போகட்டும் என்று கடைசியில் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டது இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டைத்தான். யாருக்கு என்று கேட்டேன். பஸ்ஸில் போனால் குமட்டுகிறது என்று யாரிடமும் சொல்லாமல் சன்னமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வருகிற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்காம்.